யார் கூப்பிட்டாலும் போகும் குழந்தை

இது நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள். ஆனால் தை மாதக் கல்யாணத்துக்கு வரப்போகிற எங்கள் சொந்தக்காரர்கள் மட்டும் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும். டீச்சர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்று நாளாக எனக்குத் தூக்கம் சரியில்லை. காரணம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழு. நியூ ஜெர்சியில் இருக்கும் என் தங்கை மகள் வீட்டுக் கொலு வீடியோவை அக்டோபரில் யாரோ போட்டிருந்தார்கள். இப்போது கல்யாணப் பேச்சு வந்ததும் அதைத் தோண்டி எடுத்து, "குழந்தையை ஒருத்தர் கையிலயும் குடுக்க மாட்டேங்குறா பாரு, தத்து எடுத்த புள்ளைக்கே இவ்வளவு பந்தாவா" என்று ஒரு பெரிய மனுஷி எழுத, அதற்குக் கீழே பதினான்கு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன். அதில் நாலு பேர் என்னிடம் படித்தவர்கள்.

குழுவில் சண்டை போட எனக்கு இஷ்டமில்லை. அங்கே எதைச் சொன்னாலும் நடுவில் யாராவது 'இனிய காலை வணக்கம்' பூப்படம் போட்டு மூடிவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். பிள்ளையைப் பெற்றவளிடம் (ஆமாம், பெற்றவள் என்றுதான் சொல்வேன், அந்தக் குழந்தையை அவள் பெற்றுக்கொண்டாள்) அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். குழந்தையின் பெயரும் படமும் போடமாட்டேன். பாப்பா என்றே சொல்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காக. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து இவர்கள் தத்துக்கு விண்ணப்பித்தார்கள். அவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். அதனால் இது நாடு விட்டு நாடு போகும் தத்து. ஏதோ ஆஸ்பத்திரி வாசலில் வாங்கிக்கொண்டு போகிற விஷயம் இல்லை. 1993-ல் ஹேக் நகரத்தில் போட்ட உலக ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது, இந்தியா அதில் 2003-ல் சேர்ந்தது. டெல்லியில் 'காரா' என்ற மத்திய தத்து ஆணையம் தடையில்லாச் சான்று தர வேண்டும், மாவட்ட ஆட்சியர் ஆணை போட வேண்டும், பிறகு பாஸ்போர்ட், விசா. அங்கே சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து அலமாரி வரைக்கும் திறந்து பார்த்துவிட்டுப் போனார். குழந்தை போன பிறகும் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, எப்படி இருக்கிறாள் என்று இந்தியாவுக்கு அறிக்கை வர வேண்டும். நம்மில் எத்தனை பேருக்குப் பிள்ளை வளர்ப்பதற்கு இப்படிப் பரீட்சை வைத்தார்கள்?

பாப்பா மகாராஷ்டிரத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருந்தவள். போன மே மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது 22 மாதம். ஜூனில் நான் போனேன். உதவிக்குத்தான் போனேன். போய் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

34 வருடம் ஆம்பூர்ப் பக்கம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கிய காலத்திலிருந்து குழந்தை மனசு எனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு. வீட்டுக்குள் நுழைந்து பெட்டியைக்கூட வைக்கவில்லை, பாப்பா நேராக என்னிடம் வந்து சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். தூக்கினேன். தோளில் சாய்ந்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. "பாத்தியா, எங்கிட்ட எப்படி ஒட்டிக்கிட்டா!" என்று அவள் அம்மாவிடமே பெருமையடித்தேன். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும். பார்க்கவில்லை.

அதற்கப்புறம் ஐந்து நாள் நான்தான் ஊட்டினேன், நான்தான் தூங்கவைத்தேன். ஆறாம் நாள் சாயங்காலம் பாப்பா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். சமையலறையில் நின்ற அம்மாவைத் தாண்டி என்னிடம் வந்து நீட்டினாள். அப்போதுதான் என் தங்கை மகள் வாயைத் திறந்தாள். "பெரியம்மா, தப்பா நெனைக்காதீங்க. பசிச்சா அவ உங்ககிட்ட வரக்கூடாது. எங்ககிட்ட வரணும். இன்னும் கொஞ்ச மாசத்துக்கு சோறு, குளியல், தூக்கம் மூணும் நாங்க ரெண்டு பேர் மட்டும்தான். நீங்க பக்கத்துல உக்காருங்க, பேசுங்க, வெளையாடுங்க."

எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. பதினாறு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் வந்தவளிடம் பேசுகிற பேச்சா! இரண்டு நாள் பேசவில்லை. துணி மடிக்கிறேன், காய் நறுக்குகிறேன் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். உங்கள் டீச்சர்தான், ஆச்சரியப்படாதீர்கள்.

மூன்றாம் நாள் ஓக் ட்ரீ ரோட்டில் நம் ஊர்ச் சாமான் கடை ஒன்றுக்குப் போனோம். எடிசன் பக்கம் அந்தத் தெரு முழுக்க இந்தியக் கடைகள்தான். பில் போடும் வரிசையில் முன்னால் ஒரு ஆள் நின்றிருந்தார். முன்பின் தெரியாதவர். பாப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான். இவள் இரண்டு கையையும் அவரைப் பார்த்துத் தூக்கினாள். 'தூக்கு' என்று. அதே சிரிப்பு, தோளில் சாய்வதற்கு அதே கழுத்துச் சாய்ப்பு. என்னிடம் வந்த நாள் எப்படி வந்தாளோ அச்சு அசலாக அப்படியே. பக்கத்தில் அம்மா நிற்கிறாள், நான் நிற்கிறேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு வயிற்றைப் புரட்டியது. ஐந்து நாளாக நான் பீற்றிக்கொண்ட பாசம் இதுதானா? அந்தக் குழந்தைக்கு நானும் ஒன்று, அந்த மனுஷனும் ஒன்று, பெற்றவளும் ஒன்று. யார் தூக்கினாலும் தூக்குகிற கைதான்.

சொந்தக்காரர்களே, "எங்க பாப்பா யார் கூப்பிட்டாலும் போகும், அழவே அழாது" என்று நாம் பிள்ளைகளை மெச்சுகிறோமே, அந்தப் பாராட்டைத்தான் நான் இங்கே எதிர்க்கிறேன். இரண்டு வயதுக் குழந்தை புது ஆளைப் பார்த்தால் அம்மா காலுக்குப் பின்னால் ஒளிய வேண்டும். ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்க வேண்டும். அம்மா முகம் சிரித்தால்தான் இரண்டடி முன்னால் வர வேண்டும். அப்படி ஒளிய ஒரு கால் இல்லாமல் வளர்ந்த குழந்தைதான் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கும். ருமேனியாவில் 1989-ல் சௌஷெஸ்கு ஆட்சி கவிழ்ந்த பிறகு அங்கிருந்த அனாதை இல்லங்களிலிருந்து நிறைய குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துப் போனார்கள். இங்கிலாந்துக்கு வந்தவர்களை மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவரின் குழு பல வருடம் தொடர்ந்து கவனித்தது. ஆறு மாதத்துக்குள் தத்து வந்தவர்களில் பெரும்பாலோர் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதிக நாள் இல்லத்தில் கிடந்தவர்களில் ஒரு பங்குப் பேரிடம், முன்பின் தெரியாதவரோடும் தயங்காமல் போய்விடுகிற இந்தப் பழக்கம் தங்கிவிட்டது. பாப்பா இருந்த இல்லம் அந்த ருமேனிய இல்லங்கள் மாதிரி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல இடம். எடை, உயரம், தடுப்பூசி எல்லாம் சரியாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் எவ்வளவு நல்ல ஆயாவாக இருந்தாலும் அவருக்கு ஷிஃப்ட் முடியும். வேறொருவர் வருவார். அவரைப் பார்த்தும் சிரித்தால்தான் அடுத்த வேளைக்குத் தூக்குவார்கள் என்று ஒரு சின்ன உயிர் கற்றுக்கொள்கிறது. கெட்டிக்காரத்தனம்தான். அதை மெச்சவா முடியும்?

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அழுகிற பிள்ளைகளை வாசலில் விட்டுவிட்டுத் தயங்கி நிற்கிற அம்மாக்களிடம் நான் சொல்லும் வசனம் உங்களுக்கெல்லாம் தெரியும். "நீங்க போங்கம்மா, அழுது தானா அடங்கிடும்." அடங்கினதும் உண்மை. பழகியதால் அடங்கினவர்கள் நிறைய பேர், மூன்றாம் வாரம் டீச்சர் டீச்சர் என்று சுற்றி வந்தார்கள். ஆனால் பழகாமலே அடங்கினவர்களும் இருந்திருப்பார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை. சத்தம் நின்றால் போதும் என்று இருந்தேன். நாற்பத்தைந்து பிள்ளைகள், ஒரு டீச்சர்.

அந்த வித்தியாசத்தை 1952-லேயே படம் பிடித்துக் காட்டிவிட்டார் ஒருவர். ஜேம்ஸ் ராபர்ட்சன், லண்டனில். இரண்டு வயதுப் பெண் குழந்தை, படத்தில் லாரா, எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அந்தக் காலத்தில் அங்கே பெற்றோரைக் கூட இருக்க விடமாட்டார்கள். அவள் பெரிதாக அழவில்லை. கரடி பொம்மையைப் பிடித்துக்கொண்டு அமைதியாக இருக்கிறாள். நல்ல பிள்ளை, சமத்து என்று நர்ஸ்கள் நினைக்கிற மாதிரியே. ஆனால் அந்த முகத்தைப் பார்க்க முடியாது. அம்மா வந்தால் தள்ளிப்போகிறாள். முதலில் அழுவது, பிறகு சோர்வது, பிறகு யாரும் வேண்டாம் என்று மரத்துப்போவது என்று ராபர்ட்சனும் அவரோடு வேலை செய்த ஜான் பௌல்பியும் சொன்னார்கள். படத்தைப் பார்த்த டாக்டர்கள் பலர் முதலில் ராபர்ட்சன் மேல்தான் எரிந்து விழுந்தார்கள். ஏழு வருடம் கழித்து 1959-ல் பிளாட் குழு அறிக்கை வந்து, பெற்றோரைத் தாராளமாக விடுங்கள் என்றது. எனக்கு இதை அங்கே சமூகப் பணியாளர் சொல்லித்தான் தெரியும். பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தால் நான் தூங்கியிருப்பேன் போல.

சரி, என்னிடம் ஏன் முதல் நாளே வந்தாள்? அதற்கும் பதில் கிடைத்தது. ராத்திரியில் பாப்பா அழமாட்டாள். கண்ணைத் திறந்துகொண்டு சும்மா படுத்திருப்பாள். அதைவிட ஒரு அழுகை கேட்டிருந்தால் தேவலை. சில ராத்திரி அரைத் தூக்கத்தில் "மாவ்ஷி" என்பாள். மராத்தியில் மாவ்ஷி என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவள். நம் பெரியம்மா, சித்தி. அந்த ஊரில் ஆயாக்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இல்லத்து ஆயாக்கள் பருத்திச் சேலை கட்டுகிறவர்கள். அங்கே எடுத்த போட்டோவில் பார்த்தேன். அமெரிக்க வீட்டுக்குள் பருத்திச் சேலையோடு நுழைந்த முதல் ஆள் நான். அவ்வளவுதான் என் பெருமை. பிள்ளை என் முந்தானையில் தன் மாவ்ஷியைத் தேடியிருக்கிறாள்.

இது எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தக் குழந்தை துக்கத்தில் இருக்கிறது. நாம் என்னவோ அதற்கு லாட்டரி விழுந்துவிட்டது என்று பேசுகிறோம். "குடுத்து வச்ச குழந்தை, அமெரிக்கா போயிடுச்சு!" அதற்குத் தெரிந்த ஒரே வீடு, ஒரே மொழி, ஒரே சோறு, ஒரே வாசனை, எல்லாம் ஒரு நாளில் போய்விட்டது. ஒரு பெரியவருக்கு இப்படி நடந்தால் கருமாதி வரைக்கும் அவரிடம் சத்தமாகப் பேசமாட்டோம். குழந்தைக்கு நடந்தால் பலூன் கட்டி, கேக் வெட்டி, இருபது பேர் தூக்கி போட்டோ எடுக்கிறோம்.

என் இரண்டு பழைய சேலையை அவளிடம் கொடுத்தேன். ஜீன்ஸ் போட்டு வேலைக்குப் போகிறவள், சாயங்காலம் வந்ததும் அதைச் சுற்றிக்கொள்வாள். கட்டத் தெரியாது, சுற்றிக்கொள்வாள்தான். பாப்பாவின் தொட்டில் கட்டிலைத் தனி அறையிலிருந்து அவர்கள் படுக்கைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்கள். விளக்கை அணைக்கவில்லை, ஏனென்றால் இல்லத்தில் இருட்டில் தனியாகத் தூங்கிப் பழகவில்லை. பத்துப் பன்னிரண்டு மூச்சுச் சத்தத்துக்கு நடுவில் தூங்கின குழந்தைக்கு அந்த ஊர் நிசப்தமே பயமாக இருந்திருக்கும். இதனால் மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு வீடு அதிர அழுதாள். நான் எழுந்து ஓடினேன், கதவு வரைக்கும் போய் நின்றுவிட்டேன். உள்ளே போகக்கூடாது என்று என் காலுக்குச் சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

மொழி விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும், ஆம்பூர்ப் பிள்ளைகள் சிரிப்பீர்கள். வாரக் கடைசியில் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பாப்பா வாயில் இட்லியைத் திணிப்பார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொல்வாள். "நாக்கு நாக்குங்குது, நாக்குல புண்ணா பாரு" என்று ஒரு மாமி டார்ச் அடித்து வாயைத் திறந்து பார்த்தார். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அவள் சொன்னது நாக்கு இல்லை, நக்கோ! என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தக்னி பேசுகிறவர்கள். "நக்கோ டீச்சர்" என்று சத்துணவு முட்டையைத் தள்ளின எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன்! தக்னிக்கு அந்த வார்த்தை மராத்தியிலிருந்து வந்ததுதான். வேண்டாம் என்று அந்தக் குழந்தை வாரக்கணக்கில் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நாம் டார்ச் அடித்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினோம். பாணீ தண்ணீர், தூத் பால், ஜோப் தூக்கம், யே வா, நக்கோ வேண்டாம். "தமிழ் எப்ப வரும், மறந்துடப் போறா" என்று போனில் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: தமிழ் எங்கேயும் ஓடிப்போகாது. முதலில் தான் சொன்னது இன்னொருவருக்குப் புரிந்தது என்று அந்தக் குழந்தைக்குத் தெரியட்டும். பெயரையும் அப்படித்தான். இல்லத்தில் வைத்த பெயரை மாற்றச் சொல்லி எத்தனை எண் கணிதம், எத்தனை நட்சத்திரம்! அவள் கையில் எடுத்துக்கொண்டு வந்தது அந்த மூன்று எழுத்து ஓசை ஒன்றைத்தான். அதையும் பிடுங்கிக்கொள்ளச் சொல்கிறீர்கள். பாட்டி பெயரைப் பின்னால் சேர்த்துக்கொண்டார்கள், முன்னால் அவள் பெயர் அப்படியே இருக்கிறது.

இனி உங்கள் வாதத்துக்கு வருகிறேன். "நாமெல்லாம் கூட்டுக் குடும்பத்துல பத்துக் கை மாறித்தான் வளந்தோம், நமக்கென்ன கெட்டுப்போச்சு?" நல்ல கேள்வி. நானும் இதையேதான் அவளிடம் கேட்டேன். பத்துக் கை மாறினோம், வாஸ்தவம். ஆனால் ராத்திரி யார் மடிக்குத் திரும்புவோம் என்று நமக்குத் தெரியும். அது தெரிந்த பிறகுதான் அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம். இந்தக் குழந்தைக்குப் பத்துக் கை புதிது இல்லை. பிறந்ததிலிருந்து அதைத்தான் பார்த்தாள். அவளுக்குக் கிடைக்காதது அந்த ஒரு மடி. அது கிடைத்துக் கெட்டியாகிற வரைக்கும் மற்றவர்கள் கொஞ்சம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள் என்கிறார்கள். அதற்குப் பெயர் பந்தாவா?

"இதெல்லாம் வெள்ளக்காரன் புஸ்தகம்" என்கிறார்கள் சிலர். புத்தகம் எங்கிருந்து வந்தால் என்ன, பிள்ளை நம் எதிரில் நிற்கிறதே. நம் வீட்டில் கன்று போட்ட பசுவைக் கொஞ்ச நாள் வேற்றாள் அண்ட விடுவோமா?

அதைவிடக் கேவலமாக ஒன்று. "யார் பெத்ததோ, என்ன ரத்தமோ." இதை எழுதவே கை கூசுகிறது. ஆடிப்பூரத்துக்கு வேன் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறீர்கள். துளசித் தோட்டத்தில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்த்தவர் பெரியாழ்வார். அங்கே சன்னிதியில் நின்று ஆண்டாள் என்ன ரத்தம் என்று கேட்டீர்களா? தேர் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வருகிறீர்கள். வீட்டுக்கு வந்த பெண் குழந்தைக்கு மட்டும் இந்தக் கேள்வி.

இன்னொரு கோஷ்டி, "தத்துன்னு அதுக்குத் தெரியவே கூடாது, நாங்க யாரும் மூச்சு விட மாட்டோம்" என்று சத்தியம் செய்கிறார்கள். உங்கள் மூச்சு எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் பந்தி முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும், அந்தக் குழந்தைக்கு மட்டும்தான் தெரியாது. 2002-ல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் ஒன்பதாவது பிறந்தநாளில் அந்தப் பெண்ணிடம் சொல்வார்கள். எல்லோரும் அழுதோம். படத்துக்குச் சரி. வீட்டில் ஒன்பது வருடம் பூட்டிவைத்து ஒரு நாள் குண்டு போடக்கூடாது. இவர்கள் இப்போதே ஒரு போட்டோ ஆல்பம் வைத்திருக்கிறார்கள். இல்லத்து வாசல், மாவ்ஷி, விமானம், இந்த வீடு. தூங்கப் போகும்போது அதைக் கதையாகச் சொல்கிறார்கள். எப்போது தெரிந்துகொண்டோம் என்றே அவளுக்கு ஞாபகம் இருக்கக்கூடாது. அப்படிச் சொன்னால் போதும். 18 வயதுக்கு மேல் தன் வேரைத் தேடி அவளே விவரம் கேட்கலாம் என்று நம் நாட்டுத் தத்து விதிமுறையிலேயே இடம் இருக்கிறது. நீங்கள் யார் மறைப்பதற்கு?

கொலுவன்று என்ன நடந்தது என்று அந்த வீடியோவில் தெரியாது, நான் அங்கே இருந்தேன். சுண்டல் வாங்க வந்த கூட்டத்தில் மூன்று பேர் கை மாறிவிட்டாள் பாப்பா. சிரித்துக்கொண்டே போனாள். மூன்றாவது ஆள் கன்னத்தைக் கிள்ளியபோதும் சிரிப்பு மாறவில்லை. நான்காவது ஆள் கையை நீட்டும்போது அவள் அம்மா குறுக்கே போய் வாங்கிக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க, இவளுக்குக் கொஞ்ச நேரம் நான் வேணும்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அந்த இடத்தில்தான் வீடியோ ஓடியிருக்கிறது. அன்று ராத்திரி பாப்பா இரண்டு வாழைப்பழம், ஒரு கிண்ணம் பருப்புச் சோறு, பிறகு இன்னொரு கிண்ணம் என்று நிறுத்தாமல் சாப்பிட்டு வாந்தி எடுத்தாள். மனசு கலங்கினால் அவளுக்கு அப்படித்தான், இருக்கும்போதே உள்ளே போட்டுவிட வேண்டும். பழத்தட்டு எப்போதும் அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருக்கிறது, தீர்ந்துபோகாது என்று தெரிவதற்காக. மறுநாள் முழுக்க அம்மாவின் கண்ணைப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் பாடுபட்டது ஒரு சாயங்காலத்தில் பின்னால் போனது. அதற்குத்தான் பதினான்கு கட்டைவிரல்.

நவம்பர் பாதியில் நான் ஊர் திரும்பினேன். போன வாரம் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தோம். அவள் குப்பைப் பையை வெளியே வைக்க எழுந்து போனாள். கதவு சாத்தின சத்தம்தான், பாப்பா போனைத் தூக்கி எறிந்துவிட்டு "அம்மா" என்று ஒரு கத்தல். போன் தரையில் கிடக்கிறது, எனக்கு மேல்கூரை மட்டும்தான் தெரிகிறது, அழுகைச் சத்தம் கேட்கிறது, பிறகு ஓடி வருகிற காலடி. "என்ன பெரியம்மா, எட்டு மாசம் ஆகப்போவுது, இப்பப் போயி இப்படி ஒட்டிக்குறா, ஒரு நிமிஷம் விட மாட்டேங்குறா" என்று அவள் சலித்துக்கொண்டாள். குரலில் சலிப்பே இல்லை. நான் இங்கே கட்டிலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கடையில் தெரியாதவரைப் பார்த்துக் கை தூக்கின குழந்தை, குப்பை கொட்டப் போனவளுக்காக அழுகிறது. உங்களில் யாராவது இதைப் பார்த்து "கெட்டுப்போச்சு, அம்மா பிள்ளையாயிடுச்சு" என்று சொன்னால் என் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது.

ஆகவே தை மாதம். கல்யாணத்துக்கு வருகிறார்கள், இரண்டு வாரம் இருப்பார்கள். பாப்பாவைத் தூக்கக் கையை நீட்டாதீர்கள். தரையில் உட்காருங்கள், உங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருங்கள், அவளாக வந்து அம்மா முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு உங்களிடம் ஒரு பூவோ ஸ்பூனோ நீட்டினால் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். அது பெரிய கௌரவம். வாயில் லட்டு திணிக்க வேண்டாம். சாப்பாடு அம்மா கையாலோ அப்பா கையாலோதான். அவள் நக்கோ என்றால் நக்கோதான். நிறத்தைப் பற்றி, சாயலைப் பற்றி, "நம்ம வீட்டுப் புள்ளை மாதிரியே இருக்கு" என்று ஆச்சரியப்பட்டும்கூட அவள் காதில் விழப் பேசக்கூடாது. அவள் நம் வீட்டுப் பிள்ளைதான், மாதிரி இல்லை. மேடையில் ஏற்றி போட்டோ எடுப்பது கிடையாது. மாப்பிள்ளை வீட்டாருக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் படித்த அந்த நாலு பேரும் கட்டைவிரலை எடுத்துவிடுங்கள். எடுத்தாயிற்றா என்று பார்ப்பேன்.

அப்புறம், வரவேற்க வேன் வைக்கிறோம், மாலை வாங்குகிறோம் என்று தம்பி வீட்டில் பேச்சு நடப்பதாகக் கேள்வி. வேண்டாம். சென்னை விமான நிலையத்துக்கு நான் மட்டும் கார் எடுத்துக்கொண்டு போகிறேன். குழந்தை இருக்கையை இங்கேயே வாங்கிப் பொருத்தியாகிவிட்டது. பருத்திச் சேலைதான் கட்டிக்கொண்டு போவேன், ஆனால் தூக்கமாட்டேன்.

- உங்கள் டீச்சர்